இடைக்கால இங்கிலாந்து வம்சாவளி: தாயை மாற்றி எழுதிவிடாதீர்கள்

இங்கிலாந்துப் பிரபுக் குடும்பங்களின் வம்சாவளியைத் தோண்ட ஆரம்பிப்பவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் அப்பாவிடம் இல்லை, அம்மாவிடம். அப்பாவுக்குப் பட்டம் உண்டு, கோட்டை உண்டு, அரசுப் பதிவேடுகளில் பக்கம் பக்கமாகப் பெயர் உண்டு. மனைவியோ பல இடங்களில் "அவருடைய மனைவி மார்கரெட்" என்பதோடு முடிந்துவிடுவார், எந்த வீட்டுப் பெண் என்பதுகூட இருக்காது. அந்தக் காலியிடத்தில் யாரையாவது உட்காரவைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் முக்கால்வாசித் தவறுகள் நடக்கின்றன.

முதல் தவறு, ஊரறிந்த பெயரை இழுத்துப் போடுவது. வில்லியம் லாங்கெஸ்பேயை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஹென்றிக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன். 1196-இல் எலா என்ற வாரிசுப் பெண்ணை மணந்து சால்ஸ்பரியின் ஏர்ல் (உயர்ந்த பிரபுப் பட்டம்) ஆனவர். 1226-இல் இறந்தார், அவருடைய உருவச்சிலை சால்ஸ்பரி பேராலயத்தில் இன்றும் படுத்த நிலையில் இருக்கிறது. தாய் யார் என்றால், பல தலைமுறையாகச் சொல்லிவந்த பதில் ரோசமண்ட் கிளிஃபோர்ட். காரணம் எளிது: ஹென்றியின் ஆசைநாயகிகளில் பாட்டிலும் கதையிலும் இடம்பிடித்தவர் அவர்தான், ஆகவே ராஜாவுக்கு வெளியே ஒரு பிள்ளை என்றால் அது ரோசமண்ட் பிள்ளை. யார்க் பேராயர் ஜெஃப்ரியையும் இப்படியே அவர் கணக்கில் எழுதினார்கள், அந்தக் காலத்திலேயே வாழ்ந்த எழுத்தாளர் வால்டர் மேப் ஜெஃப்ரியின் தாய்க்கு வேறு பெயர் சொல்லியிருந்தும்!

லாங்கெஸ்பே விஷயத்தில் முடிச்சை அவிழ்த்தது ஒரு மடத்தின் தானப் பத்திரம். பிரேடன்ஸ்டோக் மடத்துக்கு அவர் எழுதிக் கொடுத்ததில் தன் தாயை 'கவுண்டஸ் ஐடா' என்று குறிப்பிடுகிறார். கவுண்டஸ் என்றால் ஏர்லின் மனைவி; ரோசமண்ட் எந்த ஏர்லையும் மணக்கவில்லை, பெயரும் ஐடா இல்லை. சரி, எந்த ஐடா? நார்ஃபோக் ஏர்ல் ரோஜர் பிகாடின் மனைவி பெயரும் ஐடாதான். இந்த இடத்தில் துள்ளிக் குதித்து எழுதிவிடுகிறவர்கள்தான் அடுத்த தவறைச் செய்கிறவர்கள், ஏனென்றால் பெயர்ப் பொருத்தம் மட்டும் எதையும் நிரூபிக்காது. இன்னொரு சான்று வேண்டும், முதல் சான்றோடு சம்பந்தமில்லாத இடத்திலிருந்து வரவேண்டும். வந்தது: 1214 ஜூலையில் பூவின் போரில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த கைதிகளின் பட்டியலில் ரால்ஃப் பிகாட் என்பவர் 'சால்ஸ்பரி ஏர்லின் சகோதரர்' என்று இருக்கிறது. பிகாட் வீட்டுப் பையன் ராஜாவின் மகனுக்குச் சகோதரன் ஆவது தாய் வழியாகத்தான். தானப் பத்திரம் எழுதியவருக்கு ஆன்ம நலன் முக்கியம், பட்டியல் எழுதியவருக்குக் கைதிக் கணக்கு முக்கியம், வம்சப் பெருமை பேச இரண்டு பேருக்குமே தேவை இருக்கவில்லை. இந்த மாதிரி அக்கறையில்லாத சாட்சிகளைத்தான் தேட வேண்டும்.

அக்கறையுள்ள சாட்சி எப்படி இருக்கும் என்பதற்கு குண்ட்ராடா. முதலாம் சர்ரே ஏர்ல் வில்லியம் டி வாரெனின் மனைவி, 1085-இல் பிரசவத்தில் இறந்தவர். கணவனும் மனைவியும் சேர்ந்து நிறுவிய லூயிஸ் மடத்தின் பேரில் இருக்கும் பத்திரங்களில் அவர் இங்கிலாந்தைப் பிடித்த வெற்றிவீரர் வில்லியமின் ராணி மெட்டில்டாவுடைய மகள் என்று வருகிறது, 19-ஆம் நூற்றாண்டு வரை பெரிய பெரிய ஆட்களே இதை நம்பினார்கள். ஆனால் அந்தப் பத்திரங்கள் பின்னால் திருத்தவோ புனையவோ பட்டவை, தங்கள் புரவலர் ராஜா வீட்டுப் பெண் என்றால் மடத்துக்குத்தானே கௌரவம். இதை உடைத்தது ஆன்செல்ம் பேராயரின் ஒரு கடிதம். வில்லியம், மெட்டில்டாவின் மகனான ராஜா முதலாம் ஹென்றி தன் மகள் ஒருத்தியை, திருமணத்துக்கு வெளியே பிறந்தவள், குண்ட்ராடாவின் மகனுக்குக் கொடுக்க நினைத்தபோது, ஒரு பக்கம் நாலு தலைமுறை, மறுபக்கம் ஆறு தலைமுறை தள்ளி இரத்த உறவு இருக்கிறது, கூடாது என்று எழுதினார். குண்ட்ராடா நிஜமாகவே ஹென்றியின் சகோதரி என்றால் மாப்பிள்ளை அந்தப் பெண்ணுக்குச் சொந்த அத்தை மகன்! நமக்கு அது முறைமாப்பிள்ளை, அவர்கள் திருச்சபைக்கோ நினைத்தே பார்க்கக்கூடாத விஷயம். அதை விட்டுவிட்டு நாலு, ஆறு என்று ஆன்செல்ம் எண்ணிக்கொண்டிருப்பாரா? வரலாறு எழுதிய துறவி ஆர்டெரிக் விட்டாலிஸ் குண்ட்ராடாவை ஃபிளெமிஷ்காரர் கெர்பாடின் சகோதரி என்கிறார், அதுதான் இப்போது ஏற்கப்படுவது. இன்றைக்கும் இணையத்தில் ராஜகுமாரி குண்ட்ராடாவை வம்ச மரத்தில் தொங்கவிட்டிருப்பவர்கள் ஏராளம்.

இரத்த உறவில் மணக்கக் கூடாது என்ற திருச்சபையின் தடை இப்படி இன்னும் பல இடங்களில் உதவும். 1215-க்கு முன் ஏழு தலைமுறை வரை தடை, அந்த ஆண்டு ரோமில் கூடிய திருச்சபையின் லாட்டரன் சபை அதை நாலாகக் குறைத்தது. போப்பிடம் விலக்கு வாங்கி நடந்த திருமணம் என்றால் அந்த இருவருக்கும் பொதுவான முன்னோர் எங்கோ இருக்கிறார், உங்கள் மரத்தில் அவர் தென்படவில்லை என்றால் ஏதோ ஒரு தாய் விட்டுப்போயிருக்கிறாள்.

அப்புறம், கடைசி மனைவியை எல்லாப் பிள்ளைகளுக்கும் தாயாக்குவது. கணவன் சாகும்போது உயிரோடு இருந்த மனைவி பெயர்தான் பதிவில் நிற்கும், ஏனென்றால் மூன்றில் ஒரு பங்கு நிலத்தை ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை அவளுக்கு. அதற்காக எட்டுப் பிள்ளையும் அவள் பெற்றது என்று ஆகிவிடாது. இங்கே பெயரை விட்டுவிட்டு நிலத்தைத் துரத்துங்கள், நான் அடித்துச் சொல்வது இதைத்தான். மனைவி பிறந்த வீட்டிலிருந்து அவளுக்கு வாரிசுரிமையாக வந்த பண்ணை, அவள் வயிற்றுப் பிள்ளைக்குத்தான் போகும். கணவனுக்கு மகன் உயிரோடு இருக்கும்போதே அந்தப் பண்ணை அவளுடைய தூரத்து உறவினருக்குப் போயிருந்தால், அந்த மகன் அவள் பெற்றவன் இல்லை என்று பலமாகச் சந்தேகிக்கலாம். அதேபோல மனைவி இறந்த பிறகும் அவள் நிலத்தைக் கணவன் தன் ஆயுள்வரை வைத்திருந்தால், அவர்களுக்கு ஒரு குழந்தையாவது உயிரோடு பிறந்திருக்க வேண்டும்; நாலு சுவருக்குள் அந்தக் குழந்தை அழுத சத்தம் கேட்டிருக்க வேண்டும் என்பதே சட்டம் கேட்ட சாட்சி.

இன்னொரு விதி நம்மவர்களுக்கு விசித்திரமாகத் தோன்றும். மூத்த மனைவியின் மகன் நிலத்தைக் கைக்கொண்டு பிள்ளையில்லாமல் இறந்தான் என்று வையுங்கள். வேறு ஏற்பாடு எழுதிவைக்காத நிலம் என்றால் அது அவனோடு ஒரே தாய் வயிற்றில் பிறந்த தங்கைக்குப் போகும், இளைய மனைவியின் மகனுக்கு, ஆண்பிள்ளையாக இருந்தும், போகாது. ஆகவே தம்பி இருக்கத் தங்கை வாரிசாகியிருப்பதைப் பார்த்தால் பதிவு தப்பு என்று கடந்துபோகாதீர்கள். பெரும்பாலும் அங்கே இரண்டு தாய்மார் இருக்கிறார்கள்.

வயது விஷயத்தில் சுருக்கமாக: பிரபு இறந்ததும் அரசு அதிகாரிகள் நடத்திய சொத்து விசாரணையில் வாரிசின் வயது '30-ம் அதற்கு மேலும்' என்று இருந்தால் அது உத்தேசம், அதிலிருந்து கழித்துப் பிறந்த ஆண்டை எழுதாதீர்கள். 1530 முதல் 1688 வரை பிரபுக் குடும்பங்களின் சின்னங்களைக் கவனித்த அதிகாரிகள் மாவட்டம் மாவட்டமாகப் போய் எழுதிவாங்கிய வம்சப் பட்டியல்களும் அப்படித்தான், சொன்னவரின் தாத்தா வரை நம்பலாம், அதற்கு மேலே போகப் போக ஆசைதான் பேசும்.

திருமணப் பதிவு கிடைக்கவில்லை, ஆகவே திருமணம் நடக்கவில்லை என்ற முடிவும் வேண்டாம். இங்கிலாந்தில் ஊர்க் கோவில் பதிவேடுகள் தொடங்கியதே 1538-இல். அதற்கு முன் 'உன்னை மனைவியாக ஏற்கிறேன்' என்று இருவரும் நிகழ்காலத்தில் சொல்லிக்கொண்டாலே, பாதிரியாரும் சாட்சியும் இல்லாவிட்டாலும், திருச்சபைக்கு அது செல்லுபடியான கல்யாணம். ராஜ வம்சத்துப் பெண் கென்ட் ஜோன் 1340 வாக்கில் தாமஸ் ஹாலண்டை ரகசியமாக மணந்தார், வீட்டார் அவரை வில்லியம் மாண்டகியூவுக்குக் கட்டிவைத்தார்கள், 1349-இல் போப் முதல் கல்யாணமே கல்யாணம் என்று தீர்ப்பளித்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் மட்டும் மரத்தை வரைந்திருந்தால் கணவன் பெயர் தப்பாகியிருக்கும்.

முறையான பிள்ளையா இல்லையா என்பதற்கும் ஒரே பதில் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பெற்றோர் பிற்பாடு மணந்துகொண்டால் முன்னால் பிறந்த பிள்ளையும் முறையானதே என்றது திருச்சபை. 1236-இல் மெர்ட்டனில் கூடிய பிரபுக்கள் அதற்காக இங்கிலாந்தின் சட்டத்தை மாற்ற மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். அதனால்தான் மூன்றாம் எட்வர்டின் மகன் ஜான் ஆஃப் கான்ட் 1396-இல் கேத்தரின் ஸ்வின்ஃபோர்டை மணந்த பிறகும், அவர்களுக்கு முன்பே பிறந்திருந்த பியூஃபோர்ட் பிள்ளைகளுக்குப் போப்பின் ஆணை போதாமல் 1397-இல் பாராளுமன்றத்தில் தனியாக அங்கீகாரம் வாங்க வேண்டியிருந்தது.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. ரிச்சர்ட் ஃபிட்ஸ்ஆலனும் இசபெல் டெஸ்பென்சரும் 1321-இல் மணமுடிக்கப்பட்டபோது இருவருக்கும் பத்து வயதுகூட ஆகவில்லை, பின்னால் எட்மண்ட் என்ற மகன் பிறந்தான். 1326-இல் இசபெலின் அப்பா தூக்கிலேறினார், அந்தக் குடும்பத்துச் சம்பந்தத்தால் இனி லாபமில்லை. மனமொப்பிச் செய்யாத கல்யாணம், அடித்துச் சேர்ந்து வாழவைத்தார்கள் என்று சொல்லி, அருண்டெல் ஏர்லாகிவிட்ட ரிச்சர்ட் 1344 டிசம்பரில் போப்பிடம் ரத்து வாங்கினார், 1345 பிப்ரவரியில் லங்காஸ்டர் எலனோரை மணந்தார். அதுவரை வாரிசாக வளர்ந்த எட்மண்ட் ஒரே ஆணையில் முறையற்ற பிள்ளையானார். இவரை மரத்தில் வெறுமனே 'முறையற்ற மகன்' என்று எழுதுவதும் தப்பு, 'மூத்த வாரிசு' என்று எழுதுவதும் தப்பு. கல்யாணம் 1321, ரத்து 1344 என இரண்டு தேதியையும் போட்டுவிடுங்கள். எட்மண்ட் அந்தத் தீர்ப்பை ஒத்துக்கொள்ளவே இல்லை. 1376-இல் தகப்பன் இறந்ததும் சொத்தைக் கேட்டுக் கிளம்பி, அடுத்த ஆண்டு லண்டன் கோபுரத்தில் சிறைப்பட்டார்.