பிளகின் ஏத்தும்போது எஃப்டிபி கேக்குதா? 777 போடாதீங்க
செவ்வாப்பேட்டையில கொலுசு பட்டறை வச்சிருக்கற மாமாவுக்காக உபுண்டு சர்வர்ல வேர்ட்பிரஸ் (வெப்சைட் நடத்தற சாஃப்ட்வேர்) போட்டேன், சைட் வந்துருச்சு, ஆனா பிளகின் (கூடுதல் வசதி தர்ற துணை சாஃப்ட்வேர்) ஏத்தப்போனா எஃப்டிபி (சர்வருக்கு ஃபைல் அனுப்பற வழி) பாஸ்வேர்டு கேட்டு நிக்குது. காரணம் என்னன்னா, ரூட்ல (முழு அதிகாரம் இருக்கற யூசர்) இருந்து வேர்ட்பிரஸ் ஃபைலைப் பிரிச்சதால ஓனர் ரூட், அப்பாச்சி (சைட்டைக் காட்டற வெப் சர்வர்) ஓடறதோ டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாங்கற யூசர்ல, அதால எழுத முடியல. நிறைய பேரு உடனே 777 (எல்லாருக்கும் படிக்க, எழுத, ஓட்ட அனுமதி) போட்டுடறாங்க, தயவுசெஞ்சு வேணாங்க, அந்த சர்வர்ல இருக்கற எந்த யூசரும் உங்க ஃபைல்ல கை வைக்கலாம். சோன் (chown) கமாண்டுல ஓனரை டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா யூசருக்கு மாத்திட்டு ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644 (ரெண்டுலயும் ஓனர் மட்டும்தான் எழுத முடியும்) குடுங்க. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கற கான்ஃபிக் ஃபைலுக்கு மட்டும் 640 (ஓனரும் அவரோட குரூப்பும் தவிர வேற யாரும் படிக்க முடியாது), இது ரொம்ப முக்கியம். ஏற்காட்டுல இருந்து செய்யறவங்க சர்வர்ல டிமக்ஸுங்கற (tmux) டூலைத் திறந்துட்டு ஆரம்பிங்க, மழையில நெட் போனாலும் கமாண்டு பாட்டுக்கு ஓடும்.