ஒரு அணியின் எக்காலச் சிறந்த ரைட் பேக் யார்? தரவரிசை போடும் முறை, பிரேசிலை வைத்து

பிரேசில் கால்பந்து அணியின் எக்காலத்துக்கும் சிறந்த ரைட் பேக் (வலது ஓரத் தற்காப்பு ஆட்டக்காரர்) யார் என்று கேட்டுப் பாருங்கள். கஃபு என்பார்கள். கொஞ்சம் பழைய ரசிகராக இருந்தால் கார்லோஸ் ஆல்பெர்ட்டோ என்பார். காரணம் கேட்டால் ஒருவர் 2002 கோப்பையைச் சொல்வார், மற்றவர் 1970 இறுதி ஆட்டத்தின் கோலைச் சொல்வார். இரண்டுமே ரைட் பேக்கின் முதல் வேலையைப் பற்றிய பதில் இல்லை. எதிரணி விங்கரால் (ஓரத்தில் தாக்கி ஆடுபவர்) அன்றைக்கு எத்தனை கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னால் தரும் பந்து) போட முடிந்தது என்பதுதான் அவருடைய முதல் கணக்கு. நடக்காமல் போன விஷயம் யார் நினைவிலும் தங்காது, ஆகவே நினைவை நம்பிப் போடும் தற்காப்பு வரிசைகள் பெரும்பாலும் கோல் அடித்தவர்களின் வரிசையாகவே முடிகின்றன.

அதைத் தவிர்க்கும் முறை இது. பிரேசிலை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறோம். எந்த அணிக்கும், லெஃப்ட் பேக், சென்டர் பேக் என எந்த இடத்துக்கும் இதையே பயன்படுத்தலாம். ஒரு நோட்டும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும் போதும். ஒரு ஆட்டக்காரருக்கு ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள்.

படி 1: இடத்தை வரையறுங்கள்

பெயர்களைத் தொடும் முன் "ரைட் பேக்" என்றால் எது என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எளிதாகத் தோன்றும், ஆனால் சிக்கல் இங்கேயே தொடங்குகிறது. 2002இல் பிரேசில் லூசியோ, எட்மில்சன், ரோக்கே ஜூனியர் என்று பின்னால் மூவரை நிறுத்தி ஆடியது. கஃபு அதில் விங் பேக், அதாவது ஓரம் முழுக்க முன்னும் பின்னும் ஓடி ஆடுபவர். அவர் முன்னேறினால் பின்னால் அடைக்க ஆள் இருந்தது. 1962இல் நால்வர் வரிசையில் ஆடிய ஜால்மா சாண்டோஸுக்கு அந்த வசதி கிடையாது. இரண்டையும் ஒரே இடமாக எண்ணப் போகிறீர்களா?

எண்ணலாம் என்பதே எங்கள் பதில். "வலது ஓரத்தில் எதிரணி விங்கருக்கு முதல் பொறுப்பாளர் எவரோ அவரே ரைட் பேக்" என்று வைத்தால் இருவரும் உள்ளே வருவார்கள். பின்னால் துணை இருந்ததா என்பதை மதிப்பெண் போடும்போது கவனிக்கலாம். வரையறைக்குள் வராத ஆட்டங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கார்லோஸ் ஆல்பெர்ட்டோ பிற்காலத்தில் கிளப்புகளுக்கு நடுக்காப்பில் ஆடியதற்கு இங்கே மதிப்பெண் இல்லை.

இன்னொன்றையும் இப்போதே முடிவு செய்யுங்கள்: நாட்டு அணியின் ஆட்டம் மட்டுமா, கிளப் ஆட்டமும் சேருமா? அணியின் வரிசை என்றால் அந்த அணிக்கு ஆடியது மட்டுமே. மைகான் 2010இல் இன்டர் மிலானோடு ஒரே சீசனில் மூன்று கோப்பைகள் வென்றார். பிரேசில் வரிசையில் அதற்குப் பூஜ்யம்.

படி 2: நுழைவு எல்லை

குறைந்தபட்ச ஆட்ட எண்ணிக்கை ஒன்று வையுங்கள். நாட்டு அணிக்கு 30 ஆட்டங்கள் நியாயமானது. எல்லையே இல்லாவிட்டால் ஜோசிமார் போன்றவர்கள் மேலே வந்துவிடுவார்கள். 1986 உலகக் கோப்பையில் வடக்கு அயர்லாந்துக்கும் போலந்துக்கும் எதிராக அவர் அடித்த இரண்டு கோல்களும் அற்புதமானவை. ஆனால் ஒரு கோடைக்காலம் ஒரு வரலாறு ஆகாது.

எல்லையைத் தவறாக வைத்தாலும் ஆபத்துதான். "இரண்டு உலகக் கோப்பைகளில் ஆடியிருக்க வேண்டும்" என்று எழுதினால் கார்லோஸ் ஆல்பெர்ட்டோவே வெளியே போய்விடுவார். 1966 அணியில் அவருக்கு இடமில்லை, 1974இல் காயம், ஆடியது 1970 மட்டும். தகுதியானவர் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒருவரை எல்லை வெளியே தள்ளினால் தப்பு எல்லையில்தான்.

ஆட்ட எண்ணிக்கையை எடுக்கும்போது ஒரு பொறி உண்டு. பழைய பிரேசில் வீரர்களுக்குப் பட்டியலுக்குப் பட்டியல் எண் மாறும். கிளப் அணிகளோடும் மாகாணத் தேர்வு அணிகளோடும் பிரேசில் ஆடிய ஆட்டங்களைச் சிலர் சேர்ப்பார்கள், சிலர் விடுவார்கள். ஜால்மா சாண்டோஸின் எண் இதனால் ஓரிடத்தில் 100க்குக் கீழே இருக்கும், இன்னோரிடத்தில் மேலே இருக்கும். நாட்டுக்கு நாடு ஆட்டங்கள் மட்டும் என்று ஒரே கணக்கை எடுத்து எல்லோருக்கும் அதையே பயன்படுத்துங்கள். 1982 அணியின் லியாண்ட்ரோ போல எல்லைக்கோட்டில் நிற்பவர்களைப் பட்டியலுக்குக் கீழே தனிக் குறிப்பாக எழுதலாம். அவர் அழகான ஆட்டக்காரர், குறிப்பே இல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

படி 3: மதிப்பெண்ணைப் பிரியுங்கள்

மொத்தம் 100. எங்கள் பிரிப்பு:

தற்காப்பு, உச்சக் காலத்தில்: 25
தாக்குதல் பங்கு, உச்சக் காலத்தில்: 15
நீடித்த காலம்: 25
பெரிய ஆட்டங்கள்: 20
அந்த இடத்தின் ஆட்டத்தையே மாற்றியது: 15

உச்சக் காலம் என்பது தொடர்ச்சியான மூன்று ஆண்டுகள். எந்த மூன்று என்று ஒவ்வொருவருக்கும் எழுதி வையுங்கள். முதுமையில் ஆடிய மோசமான ஆட்டத்துக்காகக் கழிக்காதீர்கள். 1966இல் 37 வயதில் ஜால்மா சாண்டோஸ் ஹங்கேரியிடம் தோற்ற அணியில் இருந்தார் என்பது 1962இல் அவர் ஆடியதைக் குறைத்துவிடாது.

"கோப்பைகள்" என்று தனிக் கட்டம் வைக்காததைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான். கோப்பை வென்ற அணியின் வீரருக்கு உச்சத்திலும் பெரிய ஆட்டத்திலும் ஏற்கெனவே மதிப்பெண் ஏறியிருக்கும், தனிக் கட்டமும் வைத்தால் ஒரே வெற்றிக்கு மூன்று முறை கூலி கொடுத்ததாகிவிடும். புதியவர்கள் அதிகம் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

படி 4: முழு ஆட்டங்களைப் பாருங்கள்

ஒருவருக்கு நான்கு முழு ஆட்டங்கள்: வலுவான எதிரணியோடு இரண்டு, சுமாரான அணியோடு ஒன்று, தோற்ற ஆட்டம் ஒன்று. தோற்றதைக் கட்டாயம் சேருங்கள். ஐந்து நிமிடத் தொகுப்புக் காணொளியைப் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். அதில் ஓட்டமும் கோலும் இருக்கும், பந்து மறுபக்கத்தில் இருக்கும்போது ரைட் பேக் எங்கே நிற்கிறார் என்பது இருக்காது.

நோட்டில் நான்கு பத்திகள் போடுங்கள். விங்கர் நேருக்கு நேர் வந்தபோது கடந்துபோனாரா, தடுக்கப்பட்டாரா. தடுக்கப்படாமல் போன கிராஸ்கள். பந்து இடது பக்கம் இருக்கும்போது ரைட் பேக் உள்ளே நெருங்கினாரா. பந்தை இழந்த பிறகு தன் இடத்துக்குத் திரும்பினாரா, அல்லது வேறொருவர் அடைக்க வேண்டியிருந்ததா. ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு. 45 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திக் கூட்டுங்கள், மொத்தமாகப் பார்த்தால் கடைசி அரை மணி நேரமே மனதில் நிற்கும்.

1970 இறுதி ஆட்டத்தின் 86ஆவது நிமிடத்தை இப்படிப் பார்த்தால் வேறொன்று தெரியும். இத்தாலியர்கள் ஆளுக்கு ஆள் ஒட்டி ஆடினார்கள். லெஃப்ட் பேக் ஃபக்கெட்டியின் ஆள் ஜயர்சின்யோ. அவர் இடது பக்கம் நகர, ஃபக்கெட்டியும் கூடவே போனார். வலது ஓரம் முழுக்கக் காலி. க்ளோடோவால்டோ பின்னாலிருந்தே நான்கு பேரை ஏமாற்றி ரிவெலினோவுக்குத் தந்த பந்து ஜயர்சின்யோவுக்கும் அவரிடமிருந்து பெலேவுக்கும் போகிறது. பெலே நின்று நிதானமாக வலது பக்கம் உருட்டிவிடுகிறார். ஓடி வந்து அடித்தவர் கார்லோஸ் ஆல்பெர்ட்டோ. அந்த உதையைவிட, காலி இடம் தனக்காகத் திறக்கிறது என்று கண்டு அவர் ஓடத் தொடங்கிய கணம்தான் தாக்குதல் கட்டத்தில் 14 வாங்கித் தருகிறது. அதே ஆட்டத்தில் இன்னொன்றும் தெரியும்: லெஃப்ட் பேக் எவரால்டோ பெரும்பாலும் பின்னாலேயே நின்றார். ஒருவர் தங்கியதால் மற்றவர் போக முடிந்தது. 1994இல் ஜோர்ஜின்யோவுக்கு முன்னால் டுங்காவும் மவுரோ சில்வாவும் அரணாக இருந்தார்கள். அந்த அணி ஏழு ஆட்டங்களில் மூன்றே கோல்கள் வாங்கியது. அதன் பெருமையை ரைட் பேக்கின் தலையில் மட்டும் ஏற்ற முடியாது.

படி 5: காலத்தைச் சரிக்கட்டுங்கள்

1958இல் டேக்கிள் (எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பது) கணக்கு, பாஸ் சதவீதம் எதுவும் யாரும் எடுத்து வைக்கவில்லை. இன்றைய ரைட் பேக்கின் எண்களை அன்றைய வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் இன்றையவரே ஜெயிப்பார். ஆகவே ஒவ்வொருவரையும் அவர் காலத்து மற்ற ரைட் பேக்குகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுங்கள். விதிகளையும் நினைவில் வையுங்கள். 1970க்கு முன் உலகக் கோப்பையில் மாற்று ஆட்டக்காரர் இல்லை, மஞ்சள், சிவப்பு அட்டைகளும் இல்லை. 1992 வரை நெருக்கடியில் பந்தைக் கோல்கீப்பரிடம் தள்ளி அவர் கையில் எடுக்கச் செய்யலாம்.

பழைய விருதுகளிலும் எச்சரிக்கை வேண்டும். 1958இல் அரையிறுதி வரை ரைட் பேக்காக ஆடியவர் டி சோர்டி. காயத்தால் அவர் விலக, இறுதி ஆட்டத்தில் மட்டும் இறங்கிய ஜால்மா சாண்டோஸ் ஸ்வீடனின் ஸ்கோக்லுண்டைக் கட்டிப்போட்டார், அந்தப் போட்டியின் சிறந்த ரைட் பேக்காகவும் தேர்வானார். ஆட்டம் உண்மையிலேயே பெரிது, ஆனால் ஒரு ஆட்டம். பெரிய ஆட்டக் கட்டத்தில் ஒரு முறை எண்ணுங்கள், உச்சக் காலத்துக்கு 1962ஐ எடுங்கள். 1962 இறுதி ஆட்டத்தில் அவர் உயரத் தூக்கிப் போட்ட பந்தைத்தான் செக்கோஸ்லோவாக்கியக் கோல்கீப்பர் நழுவவிட்டார், வாவா மூன்றாவது கோலை அடித்தார்.

படி 6: கூட்டுங்கள், பிறகு உலுக்கிப் பாருங்கள்

எங்கள் மதிப்பெண்கள், மேலே உள்ள கட்டங்களின் வரிசைப்படி:

கஃபு: 20, 14, 25, 19, 10. மொத்தம் 88
ஜால்மா சாண்டோஸ்: 23, 9, 24, 18, 12. மொத்தம் 86
கார்லோஸ் ஆல்பெர்ட்டோ: 20, 14, 13, 18, 13. மொத்தம் 78

கஃபுவின் நீடிப்புக்கு முழு மதிப்பெண்: 142 ஆட்டங்கள், 1994, 1998, 2002 என அடுத்தடுத்து மூன்று உலகக் கோப்பை இறுதிகளில் ஆடிய ஒரே மனிதர். 1994இல் காயமடைந்த ஜோர்ஜின்யோவுக்குப் பதிலாக முதல் பாதியிலேயே இறங்கியவர் அவர்.

இத்தோடு நிறுத்தினால் வரிசை தயார் என்று தோன்றும். நிறுத்தாதீர்கள். தற்காப்பை 30 ஆக்கி, தாக்குதலை 10 ஆக்குங்கள். ஒவ்வொருவர் மதிப்பெண்ணையும் அதே விகிதத்தில் மாற்றினால் ஜால்மா சாண்டோஸ் 87.6, கஃபு 87.3. முதலிடம் கைமாறுகிறது. இப்போது பழைய பிரிப்பிலிருந்து நீடிப்பில் 10ஐக் குறைத்து, தற்காப்புக்கும் தாக்குதலுக்கும் ஐந்தைந்து கொடுங்கள்: கஃபு 86.7, ஜால்மா சாண்டோஸ் 84, கார்லோஸ் ஆல்பெர்ட்டோ 81.5. மூன்றாம் இடம் இரண்டு முறையும் அசையவில்லை. அதாவது மூன்றாம் இடத்தை உறுதியாகச் சொல்லலாம், முதல் இரண்டைச் சொல்ல முடியாது.

மூன்று மதிப்பெண்ணுக்குள் இருப்பவர்களைச் சமம் என்றே கொள்ளுங்கள். சமத்தை உடைக்கும் விதியை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும், கூட்டல் முடிந்த பிறகு எழுதினால் அது உங்கள் விருப்பம்தான், விதி அல்ல. எங்கள் விதி: இது தற்காப்பு இடம், ஆகவே தற்காப்பில் கூடுதல் எடுத்தவர் முன்னே. எனவே முதலிடம் ஜால்மா சாண்டோஸ், இரண்டாவது கஃபு. இதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை.

படி 7: வெளியிடும்போது

அடுத்த இடங்களுக்கு ஜோர்ஜின்யோ, டானி ஆல்வெஸ், மைகான் மூவரையும் இதே கட்டங்களில் போட்டுப் பாருங்கள். ஆறோடு நிறுத்துவது நல்லது. பத்து வேண்டும் என்று இழுத்தால் கடைசி இடங்களில் எல்லையைத் தாண்டாதவர்களையும் கொண்டுவந்து நிரப்ப வேண்டிவரலாம்.

வரையறை, எல்லை, மதிப்பெண் பிரிப்பு, சமத்தை உடைக்கும் விதி நான்கையும் பட்டியலுக்கு மேலே போடுங்கள், கீழே அல்ல. ஒவ்வொருவருக்கும் எந்த நான்கு ஆட்டங்களைப் பார்த்தீர்கள் என்பதையும் தேதியோடு எழுதுங்கள். யாராவது மறுத்து வந்தால் எந்தக் கட்டத்தில் எத்தனை மதிப்பெண் மாற வேண்டும், எந்த ஆட்டத்தை வைத்து என்று கேளுங்கள். ஆட்டத்தின் பெயரைச் சொன்னால் அதை முழுதாகப் பார்த்துவிட்டு அந்தக் கட்டத்தை மட்டும் திருத்தி, மறுபடி கூட்டுங்கள்.