ஐடிஐ சேரப் போறீங்களா, இதப் பாத்துட்டு சேருங்க

மேட்டூர்ல தண்ணி தொறக்குற ஜூன் வாக்குலதான் ஐடிஐ, அதாவது தொழிற்பயிற்சி நிலைய அட்மிஷனும் நடக்கும், நம்ம பக்கம் நடவு பரபரப்புல அத மறந்துடுறாங்க. பத்தாவது பாஸானா எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் 2 வருஷம், வெல்டர் 1 வருஷந்தான், அதுக்கு எட்டாவதே போதும். தஞ்சாவூர், நாகப்பட்டினத்துல கவர்மெண்ட் ஐடிஐ இருக்கு, டியூஷன் ஃபீஸ் கெடையாது, மாசம் 750 ரூபா உதவித்தொகை, பஸ் பாஸும் உண்டு.

பிரைவேட்ல சேர்றதுன்னா முக்கியமா ஒன்னு, நீங்க எடுக்குற டிரேடுக்கு (தொழில் பிரிவுக்கு) என்சிவிடி, அதாவது தேசிய தொழிற்பயிற்சி கவுன்சில் அங்கீகாரம் இருக்கான்னு கேளுங்க, ஐடிஐக்கு இருக்குன்னு சொன்னா மட்டும் பத்தாது. எங்க சித்தப்பா பையன் இத விசாரிக்காம பணத்தக் கட்டிட்டு, ரயில்வே அப்ரண்டிஸ் அப்ளிகேஷன் போடும்போதுதான் முழிச்சான். அப்பறம் ஒர்க்‌ஷாப்பையும் ஒரு எட்டு உள்ள போய்ப் பாருங்க, லேத்து மெஷின் மேல தூசி படிஞ்சு கெடந்தா திரும்பி வந்துடுங்க.