இடுப்பளவும் சுகப்பிரசவமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இடுப்பு அகலம், சுகப்பிரசவம்தான்", "பொண்ணு குள்ளம், ஆபரேஷன்தான்." இரண்டும் வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்வது. குழந்தை வருவதோ உள்ளே இருக்கும் எலும்பு வளையத்தின் வழியாக. இடுப்பைச் சுற்றி டேப் பிடித்தால் கொழுப்பும் தசையும் சேர்ந்துதான் அளவு வரும். வளையத்தின் உள்விட்டம் அதில் தெரியாது. செருப்பு சைஸ் பார்ப்பதும் வீண்.

உயரத்தை அப்படி ஒதுக்கிவிட முடியாது. 145 செ.மீ.க்குக் குறைந்தவர்களுக்கு சிசேரியன் தேவைப்படும் வாய்ப்பு கூடுதல்தான். ஆனாலும் அவர்களில் பலர் சுகமாகவே பெற்றெடுக்கிறார்கள். குள்ளமான தாய்க்குக் குழந்தையும் பெரும்பாலும் சிறியதாக இருக்கும்.

பலர் கோட்டைவிடுவது குழந்தையின் தலை இருக்கும் விதத்தை. வளையத்தின் மேல்வாய் முன்பின்னாகச் சுமார் 11 செ.மீ., குறுக்காக 13. தாடை நெஞ்சில் படும்படி தலை நன்றாகக் கவிழ்ந்திருந்தால் நுழைய வேண்டிய விட்டம் 9.5 செ.மீ. தலை நிமிர்ந்தால் 11.5. நெற்றி முன்னால் வந்தால் 13.5. தாயும் அவளே, குழந்தையும் அதுவே. தலை திரும்பியிருக்கும் விதத்தால் மட்டும் வழி அடைபட்டுவிடுகிறது. இதை எந்த டேப்பும் முன்கூட்டிச் சொல்லாது.

எக்ஸ்ரே எடுத்து இடுப்பை அளக்கும் வழக்கம் சிசேரியனைத்தான் கூட்டியது. தாய்க்கோ குழந்தைக்கோ அதனால் நன்மை கூடியதாகத் தெரியவில்லை. ஸ்கேனில் சொல்லும் எடையும் 10 முதல் 15 சதவீதம் முன்னே பின்னே இருக்கும். 3.5 கிலோ என்றால் 3 கிலோவாகவும் இருக்கலாம், 4 கிலோவாகவும் இருக்கலாம். அந்த ஒரு எண்ணுக்காக மட்டும் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பது அவசரம்.

குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்க வயிற்றின் உயரத்தை அளப்பது பயனுள்ளது, சரியாக அளந்தால். சிறுநீர் கழித்த பிறகு மல்லாந்து படுக்க வேண்டும். நிறைந்த சிறுநீர்ப்பை அளவைக் கூட்டிக் காட்டும். கர்ப்பப்பையின் உச்சியிலிருந்து அடிவயிற்றின் கீழே முன்பக்கம் இருக்கும் அந்தரங்க எலும்பின் மேல்விளிம்பு வரை டேப்பைப் பிடிக்க வேண்டும். எண்கள் கண்ணுக்குத் தெரியாதபடி டேப்பைக் கவிழ்த்துப் பிடித்தால் மனம் எதிர்பார்த்த எண்ணுக்குக் கை இழுக்காது. 24 முதல் 36 வாரம் வரை, வார எண்ணும் செ.மீ.யும் 2க்குள் ஒத்துவரும். 3க்கு மேல் விலகினால் ஸ்கேன் பார்க்க வேண்டும்.

முதல் பிரசவத்தில்கூட வலி வந்த பிறகே தலை இறங்குவது உண்டு. கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறப்பதற்கு முன்பே "இடுப்பு பத்தாது" என்று முடிவு கட்டக்கூடாது. முன்பு இடுப்பெலும்பு முறிந்திருந்தாலோ, போலியோ வந்திருந்தாலோ, சிறுவயதில் எலும்பு வளைந்திருந்தாலோ முதல் செக்கப்பிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.