ரோஸ் என்றால் டாங்கியா? ஜெர்மன் ராணுவச் சீருடையில் நிறம் பார்க்கும் முறை

நான் செய்த முதல் 1:35 மாடல் (நிஜத்தில் 35-ல் ஒரு பங்கு அளவு) ஒரு ஸ்டுர்ம்கெஷுட்ஸ், இரண்டாம் உலகப் போர் காலத்து ஜெர்மன் பீரங்கி வண்டி. பார்ப்பதற்கு டாங்கி மாதிரியே இருக்கும், சுழலும் கோபுரம் மட்டும் கிடையாது. அதன் மேல் நிற்கும் வீரரின் தோள்பட்டைக்கு, அதாவது சட்டையின் தோளில் தைத்த பட்டைக்கு, மூன்று ராத்திரி உட்கார்ந்து ரோஸ் பைப்பிங் (மெல்லிய ஓரக் கோடு) தீட்டினேன். டாங்கிக்காரர்களுக்கு ரோஸ் என்று எங்கோ படித்த ஞாபகம். மாடல் செய்யும் நண்பர் ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த வண்டி பீரங்கிப்படையோடது ஆச்சே, சிவப்பு இல்ல வரணும்?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஜெர்மன் சீருடையில் இருக்கும் நிறம், வீரர் எந்த வண்டியில் ஏறினார் என்பதைச் சொல்லாது. அவர் எந்தப் படைப்பிரிவில் சேர்ந்தவர் என்பதைத்தான் சொல்லும். ஸ்டுர்ம்கெஷுட்ஸ் ஆரம்பத்தில் பீரங்கிப்படைக்கே சொந்தம். பின்னாளில் அதே வண்டி டாங்கிப் படைக்கும் போனது, அங்கே ஓட்டியவருக்கு ரோஸ்.

இந்த நிறத்துக்கு ஜெர்மனில் 'வாஃபன்ஃபார்ப' என்று பெயர், அதாவது படைப்பிரிவின் நிறம். பழைய பிரஷ்யப் படை அடர்நீலத்தில் பளபளவென்று போருக்குப் போகும், காலரையும் கைமடிப்பையும் பார்த்தே ரெஜிமெண்டைச் சொல்லிவிடலாம். தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடும் துப்பாக்கிகள் வந்ததும் அது தற்கொலைக்குச் சமம் ஆகிவிட்டது. 1910 வாக்கில் எல்லோரும் சாம்பல் பச்சைக்கு, அதாவது 'ஃபெல்ட்கிராவ்' நிறத்துக்கு மாறினார்கள். பழைய நிறங்கள் ஓரக் கோடுகளாகச் சுருங்கின. நாம் படிக்கப் போவது அந்தக் கோடுகளைத்தான்.

படி 1: எந்தப் படை, எந்த வருடம்?

புதிதாக வருபவர்கள் நேராக நிறத்துக்குப் பாய்வார்கள், நானும் அப்படித்தான் செய்தேன். நிறத்தைக் கடைசியில் பாருங்கள். பொன்மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். 1935 முதல் 1945 வரையிலான நாஜிக் கால ராணுவமான வேர்மாக்டின் தரைப்படையில் அது குதிரைப்படை. அதே காலத்து விமானப்படையான லுஃப்ட்வாஃபவில் அது விமானிகளுக்கும் பாராசூட் வீரர்களுக்கும் உரியது. இன்றைய ஜெர்மன் ராணுவமான புண்டஸ்வேரின் தரைப்படையில் உளவுப் பிரிவு. வெள்ளை இன்னும் மோசம்: வேர்மாக்ட் தரைப்படையில் சாதாரணக் காலாட்படை, லுஃப்ட்வாஃபவில் ஜெனரல், புண்டஸ்வேரில் பேண்ட் வாசிப்பவர்!

படி 2: எங்கே பார்ப்பது?

இனி வேர்மாக்ட் தரைப்படையை மட்டும் வைத்துக்கொள்வோம். முதலில் தோள்பட்டை. சாதாரண வீரருக்கு அதன் விளிம்பைச் சுற்றி மெல்லிய பைப்பிங் ஓடும். அதிகாரிக்கு வெள்ளிச் சரிகைப் பின்னலுக்கு அடியில் வைத்த துணிதான் அந்த நிறத்தில் எட்டிப் பார்க்கும். அப்புறம் தொப்பி. உயர்ந்த விளிம்புள்ள தொப்பியில் பைப்பிங் இருக்கும். மடக்குத் தொப்பியின் முன்னால் கவிழ்த்த 'V' போல ஒரு கோடு இருக்கும், ஆனால் 1942-ல் அதை எடுத்துவிட்டார்கள். கடைசியாகக் காலர். அங்கே பழைய சட்டைகளில்தான் நிறம் கிடைக்கும். பிறகு வீரர்களுக்கு எல்லாப் பிரிவுக்கும் பொதுவான ஒரே சாம்பல் பட்டை வந்துவிட்டது. 1943-ல் எடுத்த படத்தில் தோள்பட்டை மறைந்திருந்தால், பெரும்பாலும் கையை விரித்துவிட வேண்டியதுதான்.

படி 3: மனப்பாடம்

முதலில் இந்த ஆறு போதும்: வெள்ளை காலாட்படை, சிவப்பு பீரங்கிப்படை, ரோஸ் டாங்கிப் படையும் டாங்கி எதிர்ப்புப் படையும், கறுப்பு பாலமும் கண்ணிவெடியும் பார்க்கும் பொறியாளர் படை, எலுமிச்சை மஞ்சள் சிக்னல் பிரிவு, வெளிர்நீலம் சரக்குப் போக்குவரத்து. இவை பழகியதும் மலைப்படையின் வெளிர்பச்சை, மருத்துவப் பிரிவின் அடர்நீலம், ராணுவப் போலீஸின் ஆரஞ்சு, பாதிரியார்களின் கத்தரிப்பூ நிறம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

படி 4: ஒரே நிறம், இரண்டு பேர்

வேடிக்கையே இங்கேதான். சிவப்பு பீரங்கிப்படைக்கும் உண்டு, ஜெனரலுக்கும் உண்டு. தோளில் தங்கமும் வெள்ளியும் கலந்த பின்னல் இருந்தால் ஜெனரல். வெளிர்பச்சை மலைப்படைக்கும் 'யேகர்' எனப்படும் இலகுரகக் காலாட்படைக்கும் பொது. கையில் எடல்வைஸ் பூ தைத்திருந்தால் மலைப்படை, ஓக் இலை என்றால் யேகர். ரோஸ் பைப்பிங்கோடு தோளில் 'P' எழுத்து இருந்தால் டாங்கி எதிர்ப்பு வீரர்.

கையில் தைத்த மின்னல் சின்னத்தைப் பார்த்ததும் சிக்னல் பிரிவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காலாட்படைக்குள்ளேயே ரேடியோ இயக்குபவருக்கு அது வெள்ளையில் இருக்கும். எலுமிச்சை மஞ்சளில் இருந்தால்தான் அவர் சிக்னல் பிரிவுக்காரர்.

விதியை மீறியவர்களும் உண்டு. 1-வது குதிரைப்படை டிவிஷனை 1941 இறுதியில் 24-வது டாங்கி டிவிஷனாக மாற்றினார்கள். குதிரை போனது, பொன்மஞ்சள் போகவில்லை. கறுப்பு டாங்கிச் சட்டையில் ரோஸுக்குப் பதில் மஞ்சள் பைப்பிங் கண்டால் இவர்களாக இருக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த விதிவிலக்கு இது.

படி 5: கறுப்பு வெள்ளைப் படங்கள்

அந்தக் காலத்தில் ஆர்த்தோக்ரோமேட்டிக் ஃபிலிமும் புழக்கத்தில் இருந்தது. அதற்குச் சிவப்பு தெரியாது, அதனால் சிவப்பு கிட்டத்தட்ட கறுப்பாக விழும். நீலமோ வெளுத்துவிடும். ஆகவே பீரங்கிப்படைக்காரர் பொறியாளராகத் தெரிவார், சரக்கு வண்டிக்காரர் காலாட்படை ஆகிவிடுவார். படத்தின் சாயலை நம்பி நிறத்தைச் சொல்ல வேண்டாம். சின்னம், தோள்பட்டை எண், பக்கத்தில் நிற்கும் வண்டி, படத்தின் பின்புறக் குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, பிறகு சாயல் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். இந்தச் சீருடையில் நாஜிகளின் கழுகும் ஸ்வஸ்திகாவும் இருக்கும். அந்த ஆட்சியின் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது ஜெர்மனியில் தண்டனைச் சட்டம் 86அ-வின்படி குற்றம். வரலாறு, கல்வி, கலை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. வாஃபன்ஃபார்பவுக்கு அந்தத் தடை இல்லை, இன்றைய ஜெர்மன் ராணுவமே அதைப் பயன்படுத்துகிறது.

படி 6: தூரிகை எடுப்பவர்களுக்கு

1:35 பொம்மையில் சுத்த வெள்ளையோ டப்பாவிலிருந்து எடுத்த சிவப்போ வைத்தால் சாக்பீஸ் கோடு போலத் துருத்தும். ஒரு சொட்டுச் சாம்பல் கலந்துகொள்ளுங்கள். முதலில் தோள்பட்டை முழுவதையும் பிரிவின் நிறத்தில் பூசி நன்றாகக் காயவிடுங்கள். பிறகு நடுப்பகுதியை அடர்பச்சையால் நிரப்பி, விளிம்பில் முடி கனத்துக்கு மட்டும் நிறத்தை விட்டுவிடுங்கள். ஓரத்தில் கோடு இழுப்பதைவிட இது பல மடங்கு சுலபம். என் ஸ்டுர்ம்கெஷுட்ஸ்காரருக்கு ரோஸைச் சுரண்டிச் சிவப்பு வைத்தது இப்படித்தான், அரை மணி நேரம் கூட ஆகவில்லை.