நூலக வைஃபை தடுமாறினால் முதலில் கேபிளை எடுங்கள்

சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) புளோக்கின் கீழ்த்தளத்து வாசிப்பு மூலை, சமூக மன்றத்தில் ஓர் அறை, கோயில் நூலகம். இப்படிச் சிறிய இடங்களில் இணையம் இழுத்தால், உடனே அதிக வேகத் திட்டத்துக்கு மாறிவிடலாமா என்றுதான் தோன்றும். அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் வேகம் தொலைவது ஃபைபர் (ஒளியிழை) வந்து சேரும் பெட்டிக்கும் வாசகர் உட்காரும் மேசைக்கும் நடுவில்தான்.

கண்டுபிடிக்க ஒரு மடிக்கணினியும் நல்ல கேட்-6 வகை நெட்வொர்க் கேபிளும் போதும். வைஃபையை அணைத்துவிட்டு, ரூட்டரில் நேரடியாகச் செருகி வேகத்தைச் சோதியுங்கள். நூலகம் திறந்ததும் ஒரு முறை, பள்ளி விட்டுப் பிள்ளைகள் வந்தபின் ஒரு முறை, இரவு 8 மணிக்கு ஒரு முறை. 1 ஜிகாபிட் திட்டமென்றால் 900 மெகாபிட்டுக்கு மேல் காட்ட வேண்டும். காட்டினால் வெளியிணைப்பில் குறையில்லை, குறை உள்ளேதான். எத்தனை முறை பார்த்தாலும் 94, 95 என்றே நின்றால் ஏதோ ஒரு கேபிள் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது. ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100-க்கு இரண்டே போதும். அதனால்தான் மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்தால் இணைப்பு முழுதாகச் சாகாமல் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. யாருக்கும் சந்தேகமும் வராது.

கேபிளின் முனையைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். கொக்கி கீழேயும் கேபிள் உங்கள் பக்கமும் இருக்க, இடமிருந்து வலமாக வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று வர வேண்டும். எட்டுக் கம்பியும் முனைவரை எட்டியிருக்க வேண்டும். ஜோடிக் கம்பிகளின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரித்திருக்கக் கூடாது. பிறகு, வெட்டி எறிந்த துண்டில் ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டுங்கள். செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியிலோ இணையத்திலோ வாங்கும்போது முழுச் செம்புதானா என்று கேட்டே வாங்குங்கள். அலுமினியக் கம்பியில் மின்சாரமும் சேர்ந்து போனால் சூடேறும், மறுமுனையில் மின்னழுத்தம் குறையும்.

ரூட்டரிலேயே வேகம் இல்லையென்றால் சுவரில் ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியைப் பாருங்கள். சிவப்பு விளக்கு மின்னினால் ஒளி வரவில்லை. புத்தக அலமாரியைச் சுவரோடு தள்ளி மெல்லிய ஃபைபர் இழையை நசுக்கியிருப்பார்கள், அடிக்கடி நடப்பது இது. 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக அதை மடிக்கவே கூடாது. நசுங்கிய இழையை நீங்கள் ஒட்டப் பார்க்காமல் சேவை நிறுவனத்தை அழையுங்கள்.

அடுத்தது வைஃபை பெட்டி இருக்கும் இடம். இரும்பு அலமாரிக்குள் பூட்டி வைத்த ரூட்டரிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது. இரும்பு அடுக்குகள் அலையைத் திருப்பிவிடும், கான்கிரீட் சுவரும் புத்தகக் குவியலும் உறிஞ்சிவிடும். அறை நடுவே, அலமாரிகளைவிட உயரத்தில், கூரையில் ஓர் ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை அலை பரப்பும் பெட்டி) மாட்டுங்கள். 30 பேர் அமரும் அறைக்கு ஒன்று போதும், ‘ட’ வடிவ அறைக்கு இரண்டு. கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. கேபிள் வழியாகவே அதற்கு மின்சாரமும் தரும் ஸ்விட்சை (பல கேபிள்களைச் செருகும் பெட்டி) கவனித்து வாங்குங்கள்: பழைய வகை ஒரு துளைக்கு 15.4 வாட்தான் தரும், வைஃபை 6 பெட்டிகள் பலவற்றுக்கு 30 வாட் வகை தேவை. மின்சாரம் பற்றாவிட்டால் கூட்டம் சேரும் நேரம் பார்த்துப் பெட்டி தானாக அணைந்து எழும். கேபிள் இழுக்கச் சோம்பி மெஷ் பெட்டிகளை (ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வைஃபையைக் கடத்துபவை) கம்பியில்லாமல் கோத்தால், ஒவ்வொரு தாவலிலும் வேகம் பாதிவரை குறையலாம்.

கீழ்த்தளத்தில் துளையிட நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். புதிய மின்செருகி வேண்டுமென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும்.

மேலே பத்துப் பன்னிரண்டு மாடி வீடுகளின் வைஃபையும் உங்கள் தலைமேல்தான் இறங்குகிறது. வைஃபையின் இரு அலைவரிசைகளில், 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் (அலைவழி) 1, 6, 11 ஆகியவற்றில் நெரிசல் குறைந்ததை எடுத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் 40 போதும். 80 வைத்தால் சோதனையில் எண் அழகாக இருக்கும், கூட்டத்தில் தடுமாறும். 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் காலியாகத் தெரியும். ஆனால் ரேடார் அலை பட்டால் பெட்டி அங்கிருந்து விலகியே ஆக வேண்டும், அப்போது எல்லாரும் ஒன்றாக அறுந்துபோவார்கள். அப்படி நடந்தால் 36–48க்கு மாற்றுங்கள். ஒவ்வொரு மேசையிலும் அலையின் வலிமையைக் கைபேசியில் அளந்து பாருங்கள்: மைனஸ் 67 டிபிஎம் அல்லது அதைவிட வலுவாக, அதாவது பூஜ்யத்துக்கு இன்னும் அருகில், இருக்க வேண்டும்.

காலையில் ஒழுங்காக ஓடி, மாலையில் புதியவர்களுக்கு மட்டும் இணையம் கிடைக்காமல் போனால் ரூட்டர் ஒவ்வொரு சாதனத்துக்கும் தரும் நெட்வொர்க் முகவரிகள் தீர்ந்துவிட்டன என்று பொருள். பொதுவான அமைப்பில் சுமார் 250 முகவரிகளே உண்டு, ஒன்றை வாங்கிய கைபேசி 24 மணி நேரம் அதைப் பிடித்து வைத்திருக்கும். ரூட்டர் அமைப்பில் முகவரி வழங்கும் டிஹெச்சிபி பக்கத்தில் அந்த நேரத்தை 1 மணியாகக் குறைத்துவிடுங்கள். கூடவே ஒரு சாதனத்துக்கு 20 மெகாபிட் என்று வரம்பும் வையுங்கள். ஒருவர் காணொளி ஏற்றுகிறார் என்பதற்காக, நியூஸ்பேப்பர்எஸ்ஜி என்ற பழைய செய்தித்தாள் தளத்தில் பழைய தமிழ் முரசுப் பக்கத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் முதியவர் காத்திருக்கக் கூடாது.

வாசகர்களுக்கு விருந்தினர் வைஃபை மட்டும் கொடுங்கள். இரவல் பதிவுக் கணினியும் அச்சுப்பொறியும் வேறு நெட்வொர்க்கில் இருக்கட்டும். பிள்ளைகள் வருமிடத்தில் ரூட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரைக் கொண்டு அதன் முகவரியைத் தேடித் தரும் சேவை) முகவரியை 1.1.1.3 என்று மாற்றினால் ஆபாசத் தளங்களும் தீங்கு நிரல் தளங்களும் பெருமளவு தடைபடும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு தாளில் எந்தக் கேபிள் எந்தத் துளையில், சேவைக் கணக்கு எண், உதவி எண், இன்று அளந்த மூன்று வேகங்கள், தேதி ஆகியவற்றை எழுதி ஸ்விட்ச் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். ரூட்டரின் கடவுச்சொல்லை அதில் எழுதாமல், பொறுப்பாளர் இருவரிடம் தனியாகக் கொடுத்து வையுங்கள்.