பழைய பெர்ஃபாமன்ஸ் காரை எடுத்து ஏத்துறதா, புதுசு வாங்குறதா? டெல்டா பக்கம் நடக்குற தப்புங்க

கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி பக்கம் கார் பைத்தியம் புடிச்ச பசங்க கிட்ட இப்ப ஒரே கேள்வி தான் சுத்திட்டு இருக்கு. "அண்ணே ஒரு பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் வந்திருக்கு, விலை கம்மி, எடுத்து ரீமேப் அடிச்சுட்டா புது ஃபோக்ஸ்வேகன் வெர்ட்டஸ் ஜிடியை தூக்கிடுமா?" ரீமேப்னா இன்ஜின் கம்ப்யூட்டர்ல உள்ள ஃபைலை மாத்தி பவரை ஏத்துறது. தூக்கலாம், அதுல சந்தேகமே இல்ல. 2004ல வந்த அந்த ஆக்டேவியாவோட 1.8 டர்போ இன்ஜின் பவர் 150 பிஎஸ், 2022ல வந்த வெர்ட்டஸ் ஜிடி 1.5 டர்போவும் அதே 150 பிஎஸ் தான், அதனால பேப்பர்ல பார்த்தா பழசுக்கு கொஞ்சம் செலவு பண்ணா போதும்னு தான் தோணும். ஆனா அந்த 150 பிஎஸ் 2004ல ஷோரூம்ல நின்ன வண்டிக்கு எழுதுனது, இன்னைக்கு உங்க வாசல்ல வந்து நிக்கிற வண்டில அது எவ்ளோ மிச்சம் இருக்குன்னு யாரும் பார்க்குறதில்ல. எனக்கு தெரிஞ்சு மத்த எல்லா தப்பும் இதுலேர்ந்து தான் ஆரம்பிக்குது.

பழைய வண்டியோட விலையையும் புது வண்டியோட ஆன்ரோடு விலையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பார்க்குறாங்க, அது கணக்கே இல்ல. நடுவுல ஒரு செலவு இருக்கு, வண்டியை அது பொறந்தப்ப இருந்த நிலைமைக்கு திருப்பி கொண்டு வர்ற செலவு. அந்த 1.8 டர்போவையே எடுத்துக்குங்க, டைமிங் பெல்ட் எப்ப மாத்துனாங்கன்னு பில் இருக்கணும், இல்லன்னா மாத்தலன்னு தான் எடுத்துக்கணும், பெல்ட் அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போயிடும். பெல்ட்டோட சேர்த்து வாட்டர் பம்பும் மாத்தணும், அந்த காலத்து பம்புல உள்ள சுத்துற இறக்கை பிளாஸ்டிக், அது விரிசல் விட்டு தனியா சுத்தும், வெளியிலேர்ந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது, டெம்பரேச்சர் முள்ளு ஏறுறப்ப தான் தெரியும். அப்பறம் இக்னிஷன் காயில், வேக்கம் ஹோஸ், இன்ஜின் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ், ஷாக்கு, பிரேக் ஹோஸ், எல்லாம் 15 வருஷம் 20 வருஷம் வெயில்ல காஞ்ச ரப்பர். இதை எல்லாம் முடிச்சாதான் வண்டி ஸ்டாக், அதாவது கம்பெனி விட்ட நிலைமை. மாடிஃபிகேஷன் இன்னும் தொடங்கவே இல்லைங்க. வாங்குற விலைல பாதியையாவது இதுக்குன்னு தனியா எடுத்து வைக்க முடியும்னா மட்டும் பழசு பக்கம் போங்கன்னு தான் நான் கேக்குறவங்க எல்லார்கிட்டயும் சொல்றேன். அந்த காசு இல்ல, ஆனா வேகம் வேணும்னா புது வண்டி தான் வழி, அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல.

ஸ்பேர் விஷயமும் இதோட சேர்ந்தது. ஃபோக்ஸ்வேகன் போலோ 2022 வரைக்கும் ஷோரூம்ல வித்த வண்டி, கம்பெனியும் இங்கயே இருக்கு, பார்ட்ஸ் ஈசி. ஃபியட் அப்படி இல்ல. 2015ல வந்த அபார்த் புன்ட்டோ 145 பிஎஸ், ஓட்டுனவனுக்கு தான் தெரியும் அந்த சுகம், எனக்கு ரொம்ப புடிச்ச வண்டி, ஆனா ஃபியட் கார் விக்கிறதையே நிறுத்திட்டுது, அந்த மாடலுக்குன்னே வர்ற சாமான் வேணும்னா சென்னைல ஜிபி ரோடு, புதுப்பேட்டைன்னு ஆள் விட்டு தேடணும், வர்ற வரைக்கும் வண்டி மெக்கானிக் ஷெட்டுல நிக்கும். வீட்ல இருக்குறது அந்த ஒரே வண்டி, ஆஸ்பத்திரிக்கும் அதுல தான் போகணும்னா அந்த ஆசையை தள்ளி வைக்கிறது தான் நல்லது.

அடுத்தது, முதல் வேலையே ரீமேப்னு ஆரம்பிக்கிறது. டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும் பாருங்க, 2317ன்னு இருந்தா 2017ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். மேல கட்டை தேயாம நல்லா தான் இருக்குன்னு அதை அப்படியே வெச்சுட்டு மேல 30, 40 பிஎஸ் ஏத்துறாங்க. ரப்பர் கெட்டியாகி கல்லு மாதிரி ஆன டயர்ல, ஈரமான ரோட்டுல அந்த பவர் என்னத்துக்கு ஆகும்? டயர், பிரேக் பேட், டிஸ்க், பிரேக் ஆயில், இது தான் முதல்ல. பிரேக் ஆயில் காத்துல உள்ள ஈரத்தை இழுத்துக்கும், நம்ம ஊரு ஈரத்துக்கு 2 வருஷத்துக்கு ஒரு தடவை கண்டிப்பா மாத்தணும், இல்லன்னா நாலு தடவை அழுத்தி பிரேக் புடிச்ச உடனே பெடல் பஞ்சு மாதிரி கீழ போகும்.

கியர்பாக்ஸும் கவனிங்க. போலோ ஜிடி டிஎஸ்ஐல வர்ற 7 ஸ்பீடு டிஎஸ்ஜிங்குற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஆயில்ல முங்காத ட்ரை க்ளட்ச் டைப், டிகியூ200ன்னு சொல்வாங்க, அது தாங்குறதுக்கு டிசைன் பண்ணது 250 என்எம் டார்க், அதாவது இன்ஜின் சுத்துற விசை. ஸ்டாக் போலோ ஜிடி 175 என்எம் தான், அதனால கொஞ்சம் இடம் இருக்கு, ஆனா ஸ்டேஜ் 2ன்னு அடுத்த கட்ட ட்யூன் அது இதுன்னு அந்த எல்லை வரைக்கும் இழுத்தா கும்பகோணம் பஸ் ஸ்டாண்ட் டிராஃபிக்ல ஊர்ந்து ஊர்ந்து போறப்ப க்ளட்ச் சூடாகி தேயும், கியரை மாத்துற மெக்கட்ரானிக்ஸ் யூனிட் போச்சுன்னா பெரிய தொகை. வெர்ட்டஸ் ஜிடி டிஎஸ்ஜி ஷோரூம்லேர்ந்து வர்றப்பவே 250 என்எம், அதே குடும்பத்து கியர்பாக்ஸ். புது வண்டி வாங்கி அதையும் ரீமேப் பண்ணலாம்னு நினைக்கிறவங்க இதை ஒரு தடவை யோசிக்கணும், வாரண்டி வேற போயிடும், கம்ப்யூட்டர்ல மாட்டுன உடனே ஃபைல் மாறுனது கம்பெனிக்கு தெரிஞ்சிரும்.

இப்ப பெட்ரோல். 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 எல்லா பெட்ரோல் பங்குலயும் வந்தாச்சு. 2023 ஏப்ரலுக்கு அப்பறம் வந்த வண்டிங்க அதுக்கு ஏத்த ஹோஸ், சீல் எல்லாம் போட்டு வருது, அதுக்கு முந்தி வந்த பல வண்டிங்கள்ல அப்படி இல்ல. பெட்ரோல் முழுசா எரிய 1 கிலோவுக்கு 14.7 கிலோ காத்து வேணும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும், அப்படின்னா ஒரே அளவு காத்துக்கு எத்தனால் கலந்த எரிபொருள் அதிகமா ஊத்தணும். மெதுவா போறப்ப ஆக்சிஜன் சென்சார் பார்த்து இசியூங்குற இன்ஜின் கம்ப்யூட்டர் சரி பண்ணிக்கும், ஆனா ஃபுல் த்ராட்டில்ல பல பழைய இசியூ சென்சாரை கேக்காது, உள்ள எழுதி வெச்ச கணக்குப்படி தான் ஊத்தும். எத்தனால் இவ்ளோ இல்லாத காலத்துல எழுதுன ரீமேப் ஃபைலோட ஒரு வண்டி கைமாறி உங்ககிட்ட வந்தா, நீங்க மிதிக்கிற அந்த நேரத்துல தான் எரிபொருள் கம்மியா போய் இன்ஜின் சூடு ஏறும். அதனால ஏற்கனவே ரீமேப் பண்ண வண்டினா, காசு மிச்சம்னு சந்தோஷப்படாம, அதை ஸ்டாக்குக்கு திருப்பிட்டு இன்னைக்கு நம்ம பங்குல கிடைக்கிற பெட்ரோலை ஊத்தி, பவர் அளக்குற டைனோ மெஷின் இருக்குற இடத்துல புதுசா ட்யூன் பண்ணுங்க. கோயம்புத்தூர் வரைக்கும் போக வேண்டி வந்தாலும் போங்க. 100 ஆக்டேன் பெட்ரோல் ஊத்துனா தான் சரியா ஓடும்ங்குற ட்யூன் நமக்கு ஆகாது, அது பெரிய சிட்டில ஒண்ணு ரெண்டு பங்குல கிடைக்கிற சாமான், திருத்துறைப்பூண்டில எங்க தேடுவீங்க.

நம்ம மண்ணுக்குன்னே சில விஷயம் இருக்கு, இதை வெளியூர் வீடியோல யாரும் சொல்ல மாட்டாங்க. வண்டியோட உயரத்தை இறக்குறது முதல்ல. லோயரிங் ஸ்பிரிங் போட்டா பார்க்க அழகு தான், ஆனா வாய்க்கால் கரை ரோடும் ஊருக்கு ஊர் அவங்களா போட்டுக்கிட்ட வேகத்தடையும் வண்டி அடில இருக்குற ஆயில் சம்ப்பை விடாது. அறுவடை சமயத்துல அதை விட பெரிய ஆபத்து இருக்கு. உளுந்து, எள்ளு, கொள்ளுன்னு செடியோட ரோட்டுல பரப்பி வெச்சிருப்பாங்க, வண்டி ஏறி மிதிச்சா மணி உதிரும்னு. ஒரத்தநாடு பக்கம் ஒரு ஷெட்டுல இறக்குன போலோ ஒண்ணை லிஃப்ட்ல ஏத்துனப்ப நான் பக்கத்துல நின்னேன். ட்ரைவ் ஷாஃப்ட் முழுக்க உளுந்து கொடி கயிறு முறுக்குன கணக்கா இறுக்கமா சுத்தி, அதுல ஒரு கொத்து, டர்போலேர்ந்து சூடா புகை வர்ற டவுன்பைப் குழாய் மேல படிஞ்சு கரியா இருந்துச்சு. டவுன்பைப் மாத்துனப்ப சூட்டை தடுக்குற ஹீட் ஷீல்டை கழட்டி போட்டுட்டு திருப்பி மாட்டவே இல்ல. மெக்கானிக் அண்ணன் அந்த கரியை விரல்ல தேச்சு காட்டி, "தம்பி, இன்னும் ரெண்டு ஊரு தாண்டிருந்தா வண்டி எரிஞ்சிருக்கும்டா"ன்னு சொன்னாரு, அந்த பையனுக்கு பேச்சே வரல. வண்டி அடில வைக்கோலோ செடியோ சிக்கி தீப்புடிக்கிறது நம்ம நாட்டுல நிஜமா நடக்குற விஷயம். ஸ்டாக் உயரத்துல விடுங்க, ஷீல்டை கழட்டாதீங்க, களத்து ரோட்டுல போயிட்டு வந்தா குனிஞ்சு ஒரு தடவை அடில பாருங்க.

தண்ணியும் அப்படி தான். கோல்டு ஏர் இன்டேக் கிட்டுல பில்டரை பம்பருக்கு பின்னால கீழ கொண்டு போய் வெப்பாங்க, குளிர்ந்த காத்து கிடைக்கும்னு. ஐப்பசி கார்த்திகைல ரயில்வே கீழ்ப்பாலத்துல முழங்கால் அளவு தண்ணி நிக்கிறப்ப அந்த பில்டர் தண்ணிய உறிஞ்சிடும், தண்ணி அமுங்காது, அதனால கனெக்டிங் ராடு வளைஞ்சு இன்ஜின் முடிஞ்சிடும். கம்பெனி வெச்ச ஏர் பாக்ஸ் மேல இருக்குறதுக்கு காரணமே அது தான். அதுல ஒரு நல்ல பில்டர் போட்டுக்கிட்டா நம்ம பவருக்கு போதும்.

வண்டி எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. 2015, 2023 டிசம்பர்ல சென்னைல மூழ்குன வண்டிங்க எல்லாம் காணாம போயிடல, கழுவி துடைச்சு வேற ஊருக்கு போயிருக்கு. சீட் பெல்ட்டை முழுசா வெளில இழுத்து அடி நுனில சேறு கறை இருக்கான்னு பாருங்க, சீட்டு ரெயில், ஸ்டெப்னி குழி, டேஷ்போர்டு அடி ஒயர் சாக்கெட்டு எல்லாம் டார்ச் அடிச்சு பாருங்க. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி ஓரம் ஓடுன வண்டினா உப்புக்காத்துல அடிப்பக்கம் துரு புடிச்சிருக்கும், பிரேக் லைனையும் ஷாக் டவரையும் விடாம பாருங்க. சிங்கப்பூர், துபாய்ல இருக்குறவங்க வீட்டு போர்டிகோல வருஷக்கணக்கா மூடி வெச்ச வண்டியும் நம்ம பக்கம் நிறைய வரும், "கிலோமீட்டரே ஓடல"ன்னு விப்பாங்க. ஓடாத வண்டில சீல் காஞ்சிருக்கும், டேங்க்ல தண்ணி சேந்திருக்கும், வயலை ஒட்டுன வீடா இருந்தா எலி ஒயரை கடிச்சிருக்கும். நல்லா ஓட்டி நல்லா சர்வீஸ் பண்ண லட்சம் கிலோமீட்டர் வண்டி அதை விட எவ்வளவோ மேல்.

காரைக்கால் பக்கத்துலயே இருக்கு, பிஒய் 02 நம்பர்ல பெரிய வண்டிங்க விலை கம்மியா வர்ற மாதிரி தெரியும். அது பாண்டிச்சேரில வரி கம்மிங்குறதால. மயிலாடுதுறைலயோ கும்பகோணத்துலயோ வெச்சு ஓட்டணும்னா 12 மாசத்துக்குள்ள என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லா சான்று வாங்கி நம்ம ஸ்டேட்டுக்கு மாத்தி வரி கட்டணும், அந்த தொகையையும் விலைல சேர்த்து பேசுங்க. 15 வருஷம் முடியுற வண்டினா ஆர்சி புதுப்பிக்கணும், ஃபீஸே 5,000 ரூபா, 20 வருஷம் தாண்டுனா 2025லேர்ந்து 10,000, பசுமை வரி தனி. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை கழட்டி போட்ட வண்டி அந்த சமயத்துல புகை டெஸ்ட்ல தேறாது, அதனால பழைய ஓனர் கழட்டுன சாமானை எல்லாம் கேட்டு வாங்கிக்குங்க.

சட்டத்தையும் லேசா எடுக்காதீங்க. மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு, ஆர்சில உள்ளதுக்கும் கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் வித்தியாசம் வர்ற மாதிரி வண்டியை மாத்தக்கூடாதுன்னு சொல்லுது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதியா சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல அனுமதி இல்லாம பண்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா, இல்ல 6 மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்த்தும் கொடுக்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட சொல்லாம மாத்துன வண்டி ஆக்சிடென்ட் ஆனா கிளைம் கிடைக்குமான்றது பெரிய கேள்வி, அதனால செய்ற வேலையை எழுத்துல சொல்லிட்டு செய்ங்க.

புதுசு பக்கம் போறவங்க பண்ற தப்பு ஒண்ணு இருக்கு, புதுசுன்னா ஷோரூம் மட்டும் தான்னு நினைக்கிறது. இன்சூரன்ஸ் கணக்குலயே 2 வருஷம் தாண்டி 3 வருஷத்துக்குள்ள இருக்குற வண்டிக்கு 30 சதவீதம் தேய்மானம் கழிப்பாங்க. அந்த வயசுல ஒரு ஹூண்டாய் ஐ20 என் லைனோ ஸ்கோடா ஸ்லாவியா 1.5ஓ கிடைச்சா, ஈ20க்கு பயம் இல்ல, ஏர்பேக்கும், வண்டி வழுக்காம புடிக்கிற ஈஎஸ்சியும் இருக்கு, வெர்ட்டஸும் ஸ்லாவியாவும் 2023ல குளோபல் என்கேப் மோதல் டெஸ்ட்ல 5 ஸ்டார் வாங்குன வண்டிங்க. ஷோரூம் தான் போறீங்கன்னா 2025 செப்டம்பர் 22லேர்ந்து 4 மீட்டருக்குள்ள 1200 சிசிக்குள்ள வர்ற பெட்ரோல் வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதை தாண்டுனா 40, அதனால 1.0 டர்போ 120 பிஎஸ் குட்டி வண்டிக்கும் 1.5 டர்போ செடானுக்கும் உள்ள வரி வித்தியாசம் முன்ன விட கூடிடுச்சு. தஞ்சாவூர் திருச்சி நாலு வழில ஓட்டி பார்க்குறதோட நிறுத்தாதீங்க. அய்யம்பேட்டை, பாபநாசம் வழியா கும்பகோணம் போற பழைய ரோட்டுல, முன்னாடி டவுன் பஸ், எதிர்ல கரும்பு லாரின்னு இருக்குறப்ப ஓட்டி பாருங்க, அங்க 60லேர்ந்து 90 போறதுக்கு வண்டி எவ்ளோ நேரம் எடுக்குதுன்னு பார்த்துட்டு அப்பறம் அட்வான்ஸ் கொடுங்க.